நிஃப்டி, குரூட், நேச்சுரல் கேஸ் ‘டைமிங் கால்’ சேவையில் 1,87,400 ரூபாய் போச்சு, உஷாரா இருங்க

கோபம் தணிந்த பிறகு எழுது என்று வீட்டில் சொன்னார்கள். தணிந்த பிறகு எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். போன பணம் 1,87,400 ரூபாய். அதில் 35,400 சந்தா. மீதி 1,52,000 அவர்கள் கொடுத்த ‘கால்’களை, அதாவது எப்போது வாங்கவேண்டும், எப்போது விற்கவேண்டும் என்ற குறிப்புகளை, நம்பி டிரேட் செய்ததில் என் டிரேடிங் கணக்கிலிருந்து போனது. இதே மாதிரி சேவைக்குப் பணம் கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று முடிவில் விவரமாக எழுதுகிறேன்.

சேவையின் பெயரைப் போடவில்லை. இன்று ஒரு பெயர், நாளை வேறு பெயர் என்று வருபவர்கள், ஆளை விட ஆட்டத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம். மெசேஜ் செயலியில் கட்டணக் குழு. காலையில் நிஃப்டி, பேங்க் நிஃப்டி ஃப்யூச்சர்ஸ் (பங்குச் சந்தைக் குறியீட்டுக்குப் பின்னால் வரும் ஒரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்). சாயங்காலமானால் எம்.சி.எக்ஸ் என்ற பொருள் சந்தையில் குரூட் (கச்சா எண்ணெய்), நேச்சுரல் கேஸ் (இயற்கை எரிவாயு). அவர்களுக்கென்று சொந்தமாக ஒரு இண்டிகேட்டர் (விலையைக் கணக்கிட்டு சார்ட்டில் குறி போடும் கருவி) வைத்திருக்கிறார்கள். 15 நிமிட சார்ட்டில் பச்சை அம்பு வந்தால் வாங்கவேண்டும், சிவப்பு அம்பு வந்தால் விற்கவேண்டும். அம்பு வந்ததும் குழுவில் கால் விழும்.

நான் எப்படி நம்பினேன் என்று கேட்பீர்கள். எனக்கு சார்ட் தெரியும். மூவிங் ஆவரேஜ் (முந்தைய விலைகளின் சராசரி) எப்போதும் விலைக்குப் பின்னால்தான் வரும், ஆர்.எஸ்.ஐ (அளவுக்கு மீறி விற்றுவிட்டார்களா என்று காட்டும் எண்) 30க்குக் கீழே போனாலும் விலை இன்னும் நாள்கணக்கில் இறங்கலாம், இதெல்லாம் தெரிந்துதான் பேசினேன். அவர்களுடைய ஆளிடமும் இதையே கேட்டேன். “நீங்க சொல்றது நூத்துக்கு நூறு கரெக்ட் சார், அதனாலதான் எங்களோடது வேற” என்றார். அப்புறம் திரையைப் பகிர்ந்து, “நான் தேதி சொன்னா செட் பண்ணிக் காட்டுறான்னு நினைப்பீங்க. நீங்களே ஒரு தேதி சொல்லுங்க சார்” என்றார்.

2024 ஜூன் 4 என்று சொன்னேன். தேர்தல் முடிவு வந்த நாள். அன்று ஒரே நாளில் நிஃப்டி 1,379 புள்ளி விழுந்து 21,884இல் முடிந்தது, எத்தனையோ பேர் கணக்கு காலியான நாள். அவர் சார்ட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டே போனார். முந்தின நாள், ஜூன் 3, கருத்துக்கணிப்பைப் பார்த்துச் சந்தை எகிறிய அந்த உச்சத்தின் தலைமேல் சிவப்பு அம்பு நின்றது. அங்கிருந்து ஒரு கோடு கீழே. “இன்னொரு தேதி சொல்லுங்க சார்” என்றார். சொன்னேன். அங்கேயும் அடியில் பச்சை, உச்சியில் சிவப்பு. நான் தேர்ந்தெடுத்த தேதி, என் கண் முன்னால் ஓடிய சார்ட். அந்த இடத்தில்தான் நம்பிக்கை வந்தது. 30,000 ரூபாயும் அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 35,400 அனுப்பினேன். அவர்கள் அனுப்பிய ரசீதில் ஜி.எஸ்.டி எண்ணே இல்லை.

அந்த அம்பு ஏன் அவ்வளவு அழகாக உச்சியிலும் அடியிலும் நிற்கிறது என்பது இப்போது தெரிகிறது. தயவுசெய்து இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு வியாழக்கிழமை மாலை நேச்சுரல் கேஸ் சார்ட்டைத் திறந்துவைத்து கண்ணெடுக்காமல் பார்த்தேன். ஒரு கேண்டிலுக்கு (15 நிமிட விலை ஏற்ற இறக்கத்தைக் காட்டும் கட்டை) கீழே பச்சை அம்பு வந்தது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். இரண்டு கேண்டில் கழித்து விலை அந்த அடியை உடைத்துக் கீழே போனது. அம்பைக் காணோம்! பழைய கேண்டிலில் இருந்த அம்பு அழிந்து, புதிய அடிக்குக் கீழே போய் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்தும் விலை இறங்கியது, அம்பும் கூடவே இறங்கியது. கடைசியில் விலை திரும்பி ஏறிய பிறகு எந்த இடத்தில் நின்றதோ, அதுதான் நாளைக்கு அந்த சார்ட்டைப் பார்ப்பவர் கண்ணில் படும். நடுவில் வந்து அழிந்த அம்புகளுக்குத் தடயமே கிடையாது.

இதற்கு ரீபெயின்ட் என்று பெயர். உச்சியையும் அடியையும் கோடு போட்டு இணைக்கும் ஸிக்ஸாக் வகை இண்டிகேட்டர்கள் எல்லாம் இப்படித்தான் வேலை செய்யும். ஒரு புள்ளி உச்சமா இல்லையா என்பது அதற்குப் பின்னால் விலை இறங்கினால்தான் தெரியும். அதனால் கடைசிக் கோட்டை அது திரும்பத் திரும்ப மாற்றி வரையும். பழைய அலைகளைப் படித்துப் பார்க்க அது நல்ல கருவிதான். ஆனால் அதை நேரலையில் ‘இப்போது வாங்கு’ என்று விற்பது மோசடி. எந்தத் தேதியைச் சொன்னாலும் அது சரியாகத்தான் நிற்கும், ஏனென்றால் அம்பு போடப்பட்டதே பின்னால் நடந்ததைப் பார்த்துவிட்டு. தேதியை என் வாயாலேயே சொல்லவைத்தார்களே, அதை நினைத்தால்தான் ரத்தம் கொதிக்கிறது.

அதே வியாழக்கிழமை நடந்ததையும் சொல்கிறேன். அமெரிக்காவின் இ.ஐ.ஏ (அரசின் எரிசக்தித் தகவல் அமைப்பு) வாராவாரம் வியாழக்கிழமை எரிவாயு இருப்பு அறிக்கை வெளியிடும். நமக்கு இரவு 8 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 9 மணி. அந்த நிமிடத்தில் விலை எந்தப் பக்கம் பாயும் என்று எந்த சார்ட்டும் சொல்லாது. அறிக்கைக்குப் பத்து நிமிடம் முன்னால் கால் வந்தது: “என்.ஜி பை, 2 லாட், இன்வென்ட்ரி நமக்குச் சாதகம்.” எம்.சி.எக்ஸில் ஒரு லாட் 1,250 யூனிட். ஒரு ரூபாய் இறங்கினால் லாட்டுக்கு 1,250 ரூபாய் போகும். 8 மணிக்கு இருப்பு எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று வந்தது, விலை சரிந்தது. ஸ்டாப் லாஸை (நஷ்டம் ஒரு அளவைத் தாண்டினால் தானாக வெளியேற முன்கூட்டி வைக்கும் விலை) தாண்டிக் குதித்து, நான் வெளியே வந்தபோது 14 ரூபாய் இறக்கம். இரண்டு லாட்டுக்கும் சேர்த்து 35,000 ரூபாய், காபி குடித்து முடிப்பதற்குள். மறுநாள் குழுவில் பார்த்தால் அந்த கால் மெசேஜையே காணவில்லை. அதற்குப் பதிலாக, அறிக்கைக்கு அப்புறம் கிடைத்த அடியில் வாங்கியதாக ‘டார்கெட் டன்’ என்று பச்சை டிக் போட்ட படம்!

குரூடில் இன்னும் மோசம். வாங்கச் சொன்னார்கள், விலை இறங்கியது. வெளியே வரட்டுமா என்று கேட்டேன். “குரூட் ஒரு அளவுக்கு மேல கீழ போகாது சார், எஸ்.எல் (ஸ்டாப் லாஸ்) எடுத்துட்டு ஹோல்ட் பண்ணுங்க” என்று அந்த ஆள் எழுத்திலேயே பதில் போட்டார். ஃப்யூச்சர்ஸ் பற்றிப் பேசுகிற ஒருவர் எழுதக்கூடிய வாக்கியமா இது? 2020 ஏப்ரல் 20 அன்று நியூயார்க்கில் குரூட் மே கான்ட்ராக்ட் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது, அதாவது விற்பவரே பணம் கொடுத்துத் தள்ளிவிடவேண்டிய நிலை. இங்கே எம்.சி.எக்ஸில் அதற்கான செட்டில்மென்ட் (கணக்கு முடிக்கும் விலை) மைனஸ் 2,884 ரூபாய். ஊரடங்கால் அப்போது இங்கே மாலை 5 மணியோடு வர்த்தகம் முடிந்துவிட்டது, வாங்கி வைத்திருந்தவர்கள் இரவு நடந்ததைப் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடிந்தது. இதைக்கூடச் சொல்லாமல் ஸ்டாப் லாஸை எடுக்கச் சொல்கிறார்கள். அந்த கால் 36,000 ரூபாயைக் கொண்டுபோனது. மீதி நிஃப்டியில் துண்டு துண்டாகப் போனது, அதை விவரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

பணம் போன பிறகு அவர்கள் பேசிய பேச்சு இருக்கிறதே! முதலில், “நீங்க லேட்டா என்ட்ரி எடுத்திருப்பீங்க சார்.” ஆர்டர் நேரத்தோடு கான்ட்ராக்ட் நோட்டை (புரோக்கர் தரும் வர்த்தக ரசீது) அனுப்பினேன். அடுத்து, “மார்க்கெட் ரிஸ்க் சார், டிஸ்க்ளைமர் படிக்கலையா?” ரீபெயின்ட் ஸ்கிரீன்ஷாட்டுகளை அனுப்பினேன். “உங்க இன்டர்நெட் ஸ்லோ, அதான் அம்பு மாறித் தெரியுது.” அப்புறம், எனக்கு டிரேடிங் சைக்காலஜி சரியில்லையாம். பேசிய ஆள் வேலையை விட்டுப் போய்விட்டாராம், புது ஆளிடம் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லவேண்டுமாம். அந்தப் புது ஆள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னும் 50,000 கட்டி ப்ரீமியம் பேக் எடுத்துடுங்க சார், லாஸ் ரிகவரி எங்க பொறுப்பு” என்றார். 1,87,400 ரூபாயை இழந்து நிற்கிறவனிடம்! சந்தாவையாவது திருப்பிக் கொடுங்கள் என்று எழுதியதற்கு மறுநாள் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். போனும் எடுப்பதில்லை.

ரசீதில் செபி (பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு எண் என்று ஒன்று போட்டிருந்தார்கள். செபி இணையதளத்தில் ரிசர்ச் அனலிஸ்ட் பட்டியலில் தேடினேன், அந்த எண் வேறு யாருடையதோ. லாபம் உறுதி, நஷ்டத்தை மீட்டுத் தருகிறோம் என்றெல்லாம் பதிவு பெற்ற அனலிஸ்ட் யாரும் சொல்லவே கூடாது, அது செபி விதி. செபியின் ஸ்கோர்ஸ் தளம் பதிவு பெற்றவர்கள் மீதான புகாருக்கானது என்பதால், 1930க்கு (சைபர் மோசடி உதவி எண்) அழைத்து சைபர் கிரைம் தளத்தில் புகார் பதிந்திருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், ஆனால் இப்போது கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பழைய சார்ட்டில் அம்பைக் காட்டினால் நம்பாதீர்கள், சந்தை ஓடும்போது காட்டச் சொல்லி நீங்களே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அரை மணி கழித்து ஒப்பிடுங்கள். பதிவு எண் கொடுத்தால் பெயரோடு சேர்த்துச் செபி தளத்தில் பாருங்கள், ரசீதை வைத்து முடிவு செய்யாதீர்கள். புதன் (குரூட் இருப்பு), வியாழன் (எரிவாயு இருப்பு) இரவு இ.ஐ.ஏ அறிக்கைக்கு முன்னால் வரும் கால் எதையும் தொடாதீர்கள். கால் வந்த உடனே படம் எடுத்து வையுங்கள், அவர்கள் அழித்துவிடுவார்கள். 2024-25இல் ஈக்விட்டி எஃப் அண்ட் ஓ (பங்குச் சந்தை ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) செய்த தனிநபர்களில் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1,05,000 கோடிக்கு மேல் என்று செபியே கணக்குச் சொல்லியிருக்கிறது. ‘நூற்றுக்குத் தொண்ணூறு கால் சக்சஸ்’ என்று எவனாவது வந்தால் இந்தக் கணக்கைக் காட்டிக் கேளுங்கள்.

இதே பச்சை-சிவப்பு அம்பு ஆட்களிடம் பணம் கொடுத்தவர்கள் இருந்தால் 1930க்கு உடனே கூப்பிடுங்கள். தாமதிக்கத் தாமதிக்க அவர்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போய்விடும்.