கொள்ளா, கடிவாளமா? பந்தயம் விட்ட குதிரையைப் பழக்க இரண்டு வழிகள்

சாப்பாட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்று, வேலை என்றதும் நழுவுகிறவனைத் திட்ட ஒரு பழமொழி உண்டு: கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும். எனக்கு இப்போது அது திட்டாகக் கேட்பதில்லை. குதிரை பழக்குகிறவர்களுக்குள் இருக்கும் இரண்டு கட்சிகளின் பெயராகவே கேட்கிறது.

வாரநாளில் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு விடிவதற்குள் பாலம் தாண்டி, செபராங் பிறையில் ஒரு சின்ன லாயத்துக்குப் போய்விடுவேன். பந்தயம் விட்டவை, வளர்க்க முடியாமல் கைவிட்டவை என்று வந்து சேரும் குதிரைகளைத் தேற்றிப் பழக்கித் தத்துக் கொடுக்கிறார்கள். தொண்டூழியர்களுக்குச் சம்பளம் கிடையாது. லத்தி அள்ளுவது நிறைய உண்டு.

இப்போது இந்த வேலைக்கு ஆள் தேவைப்படும் காலம். சிங்கப்பூர் கிராஞ்சியில் 2024 அக்டோபர் 5ஆம் தேதியோடு பந்தயம் முடிந்தது. 1864இல் தொடங்கிய பினாங்கு டர்ஃப் கிளப்பிலும் 2025இல் ஓட்டம் நின்றது. தீபகற்ப மலேசியாவில் மிச்சமிருக்கும் பெரிய பந்தயத் திடல்கள் ஈப்போவும் சுங்கை பெசியும்தான். பந்தயக் குதிரை 2, 3 வயதிலேயே ஓட ஆரம்பித்துவிடும். 7, 8 வயதுக்குள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 25 வயதைத் தாண்டியும் இருக்கும். மீதி வாழ்நாளை அது யாரோ ஒருவர் வீட்டுப் புல்லில் கழிக்க வேண்டும். அந்த யாரோ ஒருவர் ஜாக்கி இல்லை. இந்த இரண்டு வழிகளையும் எடைபோடும்போது நான் மறக்காமல் வைத்திருப்பது அந்த ஒன்றைத்தான்.

முதலில் கடிவாளக் கட்சி. என் பெரியப்பா பந்தயத் திடலில் சைஸாக, அதாவது குதிரைக்காரராக, இருந்தவர், இந்தக் கட்சிக்காரர். முறை எளிது. கயிற்றை லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். குதிரை ஓர் அடி வைத்த அந்த நொடியே தளர்த்திவிட வேண்டும். தளர்வு கிடைத்ததே, அதைத்தான் அது பாடமாக எடுத்துக்கொள்ளும். தளர்த்துவதில் இரண்டு நொடி தாமதித்தால், அதற்குள் தலையை உதறியிருந்தால், தலையை உதறினால் விடுவார்கள் என்று படித்துக்கொள்ளும். பெரியப்பா கையில் அந்த நேரக்கணக்கு சாகும்வரை போகாது. எனக்கு வர ஒரு வருடம் ஆனது.

பந்தயக் குதிரையிடம் இந்த வழிக்கு ஒரு பெரிய முட்டுக்கட்டை உண்டு. லகானை இழுத்தால் நிற்கும் என்று நாம் நினைக்கிறோம். அதுவோ ஜாக்கி லகானை இறுக்கிப் பிடிக்கும்போது, வாயிலிருக்கும் இரும்பின் மீது சாய்ந்துகொண்டு ஓடப் பழகியது. பயந்துபோய் இழுக்க இழுக்க வேகம்தான் கூடும். ஏறும்போது அசையாமல் நிற்பதும் அதற்குப் புதுசு. திடலில் நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைக் காலைப் பிடித்துத் தூக்கி ஏற்றிவிடுவார்கள். அதனால் எங்கள் லாயத்தில் பல வாரங்களுக்கு இரும்பைத் தொடுவதே இல்லை. வெறும் தலைக்கயிறு, தரையில் நின்றபடியே பாடம்: நட, நில், பின்னால் போ, தோளைத் திருப்பு.

அடுத்தது கொள்ளுக் கட்சி. நிஜக் கொள்ளு இங்கே குதிரைக்கு வாய்ப்பதில்லை. அது லிட்டில் இந்தியாவில் ரசத்துக்கு வாங்குவது. எங்களிடம் நீளவாக்கில் நறுக்கிய காரட்டும், அழுத்திய உலர்புல் உருண்டையும்தான். (காரட்டை வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும்.) டால்ஃபின் பழக்குகிறவர்களிடமிருந்து பரவிய முறை இது. சரியாகச் செய்த கணத்தில் ஒரு சத்தம், சத்தத்துக்குப் பின்னால் ஒரு வாய்த் தீனி. பிரான்ஸில் இளங்குதிரைகளை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தீனி கிடைத்தவை சீக்கிரமாகக் கற்றன, மாதக்கணக்கில் மறக்கவில்லை, மனிதரைத் தேடியும் வந்தன. அடிபட்டு, ஆளைக் கண்டாலே மூலைக்குப் போகும் குதிரைக்கு அந்தக் கடைசி விஷயம் பெரிய காரியம்.

சத்தத்தில்தான் நாங்கள் ஆரம்பத்தில் கோட்டைவிட்டோம். பெரியப்பா நாக்கால் "ட்ச்" என்பார்; பந்தயக் குதிரைக்கு அது கிளம்பு என்று அர்த்தம். நான் "சரி" என்றேன். நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சரி சொல்கிறோம் என்று குதிரைக்குச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. மலாய்க்காரத் தோழி ஒரு சொல், சீனப் பையன் ஒரு சொல். கடைசியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிளிக்கர், அழுத்தினால் "கிளிக்" என்று சத்தம் போடும் சின்னச் சாதனம், வாங்கினோம். மூன்று மொழிச் சண்டை முடிந்தது.

இந்தக் கட்சியின் பலவீனம் பல்லில் இருக்கிறது. எங்களிடம் ஒரு செவலை இருந்தான், சாது. ஞாயிறுக்கு வரும் ஆட்கள் பாசத்தில் சட்டைப்பையிலிருந்து ஆளுக்கு ஒரு துண்டு, எதுவும் செய்யாதபோதும் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் பையை முட்ட ஆரம்பித்தான். ஒருநாள் தத்தெடுக்க வந்த வீட்டுப் பிள்ளையின் சட்டைக் கையைப் பல்லால் பிடித்து இழுத்தான். தோலில் படவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. கயிற்றைத் தப்பாகப் பிடித்தால் குதிரை மந்தமாகும், முரண்டு பிடிக்கும். அதை மறுபடி திருத்தலாம். கடிக்கிற குதிரை என்று ஒரு முறை பெயர் வாங்கினால், குழந்தை இருக்கும் வீட்டுக் கதவு அதற்குத் திறக்காது.

"தீனி காட்டிக் கூப்பிட்டா தீனி தீர்ற வரைக்கும்தான் வரும்மா," என்றார் பெரியப்பா. முழுக்கச் சரியென்று நான் நினைக்கவில்லை. கால் தூக்கிக் காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடக்காரர் வருவார். ஏறக்குறைய 500 கிலோ எடை, காலைத் தர மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டால் கயிறு ஒன்றும் செய்ய முடியாது. கிளிக்கரும் உருண்டையும் வைத்து, முதல் நாள் கால் மண்ணை விட்டுக் கிளம்பினாலே பரிசு, மறுவாரம் மூன்று நொடி, அதன் பிறகு பத்து என்று போனோம். ஊசிக்கும் ஈமருந்து தெளிக்கவும் இதே கதைதான். இந்த வேலைகளில் கொள்ளு ஜெயிக்கிறது, போட்டியே இல்லை.

வெயிலும் கொள்ளுக்கே சாதகம். நம் வெக்கையில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். தோல் காய்ந்து, மூச்சு வாங்கும், உடம்புச் சூடு இறங்காது. அப்படிப்பட்டதை வட்டத் திடலில் கயிறு பிடித்து ஓட்டக்கூடாது. நிழலில் நின்று பத்து நிமிடம் தீனிப் பாடம் நடத்தலாம். மற்றவைக்கும் காலை ஒன்பதரைக்குள் கயிற்றுப் பாடத்தை முடித்துவிடுவோம்.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு, காலைக் கட்டிக் கீழே தள்ளி அடக்குவது. மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டத்தின்படி விலங்கை வதைப்பது குற்றம் என்பதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

எதைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் வாயைத் திறந்து பாருங்கள். கருப்பன் என்ற ஒருவன் கடிவாளத்தைக் காட்டினால் பல்லை இறுக்கிக்கொள்வான், பழமொழிக்கு வந்து பிறந்தவன்போல. இரு கட்சியும் அவன் மேல் ஆறு வாரம் வித்தை காட்டினோம். பிறகு கால்நடை மருத்துவர் பார்த்தார்: கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்திபோல் கூர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தது. குதிரைப் பல் வாழ்நாள் முழுக்க வெளியே வந்துகொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது அரத்தால் ராவிவிட வேண்டும். ராவி, புண் ஆறிய பிறகு, இரும்பில் ஆப்பிள் கூழைத் தடவி நீட்டினோம். நான்காவது நாள் தானாகவே வாயைத் திறந்தான். பந்தயத்திலிருந்து வருகிறவற்றுக்கு வயிற்றுப் புண்ணும் சகஜம். வலியைப் பிடிவாதம் என்று நினைத்து நாங்கள் ஆறு வாரம் வீணாக்கியது இன்னும் உறுத்துகிறது.

இப்போது எங்கள் ஏற்பாடு இப்படி. புதிதாக வருகிறவர்களுக்குக் கொள்ளுப் பாடம் மட்டும், அதுவும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, தீனி கையில் இல்லாமல் வாளியில். ஆறு மாதம் தொடர்ந்து வந்தவர்கள் கையில்தான் கயிறு. தத்துப் போகும் எந்தக் குதிரையும் கயிற்றுப் பாடத்தில் முழுதாகத் தேறாமல் வெளியே போவதில்லை. காரணம், வாங்கிப் போகிறவர் தினமும் கிளிக்கரோடு நிற்க மாட்டார், கயிற்றைத்தான் பிடிப்பார். அந்த வகையில் என் ஓட்டு பெரியப்பா கட்சிக்கு, அவர் சொல்லும் காரணத்துக்காக இல்லாவிட்டாலும்.

செவலைக்குக் கடிக்கும் பழக்கம் விட எட்டு மாதம் பிடித்தது. பாலிக் பூலாவில் ஒரு வீட்டுக்குப் போனான். குதிரையோடு ஒரு தாளும் போகும்: எந்தப் பக்கம் நின்று நடத்த வேண்டும், எந்தச் சொல்லுக்கு நிற்பான், எந்தக் காலை முதலில் தூக்குவான் என்று. அவனுடைய தாளில் கடைசி வரியை மட்டும் பெரியப்பா சொல்ல, நான் சிவப்பு மையில் எழுதினேன்: வெறும் பையோடு வரவும்.