ஸ்ரீசக்கரத்தின் முன் கண் திறந்து இருத்தல்: சில வருட அனுபவம்

கண்ணை மூடித் தியானம் செய்ய முடியாதவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். வன்னியில் அப்படியானவர்கள் நிறையப் பேர். போர் முடிந்த 2009 ஐத் தாண்டி வந்த ஒருவரிடம் "கண்ணை மூடுங்கோ, மனதை அமைதியாக்குங்கோ" என்று சொல்வது லேசு. மூடியதும் அவருக்கு என்ன தெரிகிறது என்பது சொல்கிறவருக்குத் தெரியாது. எங்கள் சித்தி ஒருநாள் நேராகவே சொன்னா: "மூடினால் பழசெல்லாம் வருது பிள்ளை. பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஏதாவது தா."

அப்படித்தான் ஸ்ரீசக்கரம், அதாவது அம்பாளை வழிபட முக்கோணங்களாலும் இதழ்களாலும் கீறிய சக்கரம், கிளிநொச்சியில் எங்கள் சாமியறைக்கு வந்தது. வருடங்கள் ஆகிவிட்டன. விடியப்புறம் நானும் சித்தியும் அதன் முன் இருக்கிறோம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: நாங்கள் செய்வது சக்கரத்தின் ஒன்பது சுற்றுக்கும் முறைப்படி செய்கிற நவாவரண பூசை அல்ல. அதற்குக் குரு வேண்டும், தீட்சை வேண்டும். எங்களுடையது எளிமையானது. விளக்கேற்றி, அபிராமி அந்தாதியில் சில பாட்டுப் படித்து, அப்புறம் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது. அந்த அந்தாதியில் அம்பாள் உறைகிற இடமாக வரும் ஒன்பது கோணங்கள் இந்தச் சக்கரத்தின் ஒன்பது பெரிய முக்கோணங்கள்தான். மேல்நோக்கிய நான்கு சிவம், கீழ்நோக்கிய ஐந்து சக்தி.

சும்மா நடுப்புள்ளியை முறைத்துப் பார்ப்பது எங்களுக்குச் சரிவரவில்லை. கண் எரியும், மனம் தன் பாட்டுக்கு ஓடும். கண்ணுக்கு ஒரு பாதை கொடுத்த பிறகுதான் பலன் தெரிந்தது. வெளியே நான்கு வாயில் உள்ள பூபுரம் என்கிற சதுரத்தில் தொடங்குவோம். அடுத்து பதினாறு இதழ், அதற்குள் எட்டு இதழ். அப்புறம் முக்கோணச் சுற்றுகள்: 14, 10, மறுபடி 10, பிறகு 8. நடுவில் ஒரே ஒரு முக்கோணம், அதற்குள் பிந்து என்கிற நடுப்புள்ளி. முக்கோணங்களைக் கூட்டினால் 43. இப்படி வெளியிலிருந்து உள்ளே போவதை சங்கார கிரமம் என்பார்கள். பிந்துவிலிருந்து வெளியே வந்தால் சிருஷ்டி கிரமம். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு மூன்று மூச்சு நிற்போம், அவ்வளவுதான்.

பழைய நினைவு வரும்போது கண் தன் இடத்தைத் தவறவிடும். பத்துக் கோணத்தில் நின்றேனா, எட்டிலா என்று தேட வேண்டி வரும். அந்தத் தேடலே ஆளை இந்த அறைக்கு, இந்த விடியலுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடும். நினைவோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை, விட்ட சுற்றைப் பிடித்தால் போதும். இவ்வளவு காலத்தில் நான் கண்ட பெரிய பலன் இதுதான்.

சித்திக்கு இரவில் திடுக்கிட்டு எழும்புவது நின்றுவிடவில்லை. முன்பெல்லாம் எழும்பினால் விடியும்வரை முற்றத்தில் நடப்பா. இப்போது பாயில் இருந்தபடியே மனதுக்குள் வாயிலில் தொடங்கி ஒரு சுற்றுப் போய்விட்டுப் படுக்கிறா. ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போவதையும் மருந்தையும் விடவில்லை, விடவும் கூடாது. சக்கரம் வீட்டில் இருந்தால் செல்வம் கொட்டும், வழக்கு வெல்லும் என்று சொல்லி விற்கிறார்கள். அப்படி எதுவும் எங்களுக்கு நடக்கவில்லை. அதற்காக இதை வாங்குவதை நான் ஏற்கவே மாட்டேன்.

உற்றுப் பார்த்துவிட்டுக் கண்ணை வேறு பக்கம் திருப்பினால் சுவரில் அதே கோடுகள் நிறம் மாறித் தெரியும். சிலர் அதைக் காட்சி கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறார்கள், சிலர் பயந்து விட்டுவிடுகிறார்கள். ஒரே உருவத்தை அசையாமல் பார்த்தால் விழித்திரையின் அந்தப் பகுதி களைத்துப்போவதால் வருவது அது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் வரும், கொஞ்ச நேரத்தில் மறையும். கண் சிமிட்டலாம், கண்ணாடி போடுபவர்கள் போட்டுக்கொண்டே இருக்கலாம். விளக்கை நேர் முன்னால் வைத்தால் சக்கரம் கீறிய செம்புத் தகடு பளிச்சிட்டு உறுத்தும், பக்கவாட்டில் வைப்பது நல்லது.

தகட்டைப் பற்றி. வவுனியாவில் ஒரு பூசைச் சாமான் கடையில் முதலில் எடுத்தது பார்க்க மினுமினுப்பாக இருந்தது. வீட்டில் வைத்து உற்றுப் பார்த்தபோதுதான் குறை தெரிந்தது. இந்தச் சக்கரத்தில் மூன்று கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கும் இடங்கள் பதினெட்டு. மர்மம் என்பது அவற்றைத்தான். அந்தத் தகட்டில் பல மர்மங்களில் கோடுகள் ஒன்றையொன்று தவறவிட்டு, அரிசிக் குறுணி அளவில் இல்லாத முக்கோணங்களை உண்டாக்கியிருந்தன. சுற்றுச் சுற்றாகப் போகிற கண் அங்கே தடுக்கி நிற்கும். ஆகவே வாங்குமுன் கடையிலேயே ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மலைபோல உயர்ந்து நிற்கிற மேரு வடிவமும் வைத்துப் பார்த்தோம். வணங்க அழகு, ஆனால் இப்படி இருந்து பார்ப்பதற்குத் தட்டையான சக்கரமே தோது.

அதைவிட நல்லது கையால் கீறுவது. வட்டத்தின் விட்டத்தை 48 பங்காக்கி, மேலிருந்து 6, 6, 5, 3, 3, 4, 3, 6, 6, 6 என்று இடைவெளி விட்டு ஒன்பது குறுக்குக் கோடுகள் போடுவது ஒரு பழைய முறை. பங்குக்கு 3 மில்லிமீற்றர் எடுத்தால் வட்டம் 14.4 சென்ரிமீற்றர் வரும், ஏ4 தாளில் இதழுக்கும் வாயிலுக்கும் இடம் மிஞ்சும். பென்சில் கூராக இருக்க வேண்டும். ஒரு கோடு மயிரளவு விலகினாலும் எங்கோ ஒரு மர்மம் கலைந்துவிடும், அழித்துவிட்டு மறுபடி கீற வேண்டும். ஒரு மாலை முழுக்க அதிலேயே போகும். அந்த மாலையில் மனம் நிற்கிற நிலை வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. சித்தியும் இப்போது அடிமட்டம் பிடிக்கிறா.

செம்பு வைத்திருப்பவர்களுக்கு: தேசிக்காய்ப் பாதியில் உப்புத் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் கறுப்புப் போகும். பழப்புளியும் நல்லது. எங்கள் பக்கக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட, ஈரத்தோடு விட்டால் கோடுகளுக்குள் வெள்ளை படிந்துவிடும். உடனே பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். மாரியில் செம்பு பச்சைக் களிம்பு பிடிக்கும், அப்போது இன்னும் அடிக்கடி துடைக்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் செம்பு வாங்கவே தேவையில்லை. சரியாகக் கீறிய ஒரு படத்தைப் பிரதியெடுத்து மட்டையில் ஒட்டி, இருக்கும்போது கண் மட்டத்துக்கு வருகிற மாதிரிச் சுவரில் வையுங்கள். சில மாதம் அதன் முன் இருந்து பழகிய பிறகு தகடு வேண்டுமா என்று முடிவெடுக்கலாம்.