டிஸ்னிலேண்டா, கலிஃபோர்னியா அட்வென்சரா? கையில் ஒரே நாள் இருந்தால்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து அனஹைமில் டிஸ்னியின் இரண்டு பொழுதுபோக்குப் பூங்காக்களின் வாசலும் எதிரெதிரே இருக்கின்றன. வடக்கே டிஸ்னிலேண்ட், தெற்கே கலிஃபோர்னியா அட்வென்சர். நடுவிலுள்ள முற்றத்தைக் கடக்க இரண்டு நிமிடம் போதும், ஆனால் டிக்கெட் தனித்தனி. கூடுதலாகக் காசு கொடுத்தால் ஒரே நாளில் இரண்டுக்கும் போகலாம். எழுபதைத் தாண்டிய அப்பா அம்மாவையும் ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டு அது நடக்கிற காரியம் இல்லை. 2023 ஜூலையில் அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வந்திருந்தபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரு நாள்தான். டிஸ்னிலேண்டுக்குப் போனோம். இன்னொரு முறை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஊரிலிருந்து பெரியவர்கள் வரும்போதெல்லாம் நண்பர்கள் இதே கேள்வியோடு வருவதால் காரணத்தை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். வெயில், கூட்டம், வரிசை, சாப்பாட்டு விலை எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். டிஸ்னிலேண்டில் ரைடுகள் அதிகம், சின்னப் பிள்ளைகள் ஏறக்கூடியவையும் அதிகம். கல்லூரி வயதுப் பசங்களுக்கு எதிர்வாசலான கலிஃபோர்னியா அட்வென்சர் பிடிக்கும். அங்கே இன்கிரெடிகோஸ்டர் என்ற ரோலர் கோஸ்டர் தலைகீழாகச் சுழற்றிவிடும். அதற்கு 48 அங்குல உயரம் வேண்டும். இதெல்லாம் எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் தெரிந்துவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது வேறு. ஒரு ரைடுக்கு வயதாகும்போது இந்த இரண்டு பூங்காக்களும் அதை என்ன செய்கின்றன என்பதுதான் அது.

கலிஃபோர்னியா அட்வென்சருக்கு நான் 2008, 2015, 2022 என மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை பார்த்த பட்டியலைச் சொல்கிறேன். டவர் ஆஃப் டெரர் என்ற பழைய ஓட்டலின் லிஃப்ட் திடீரென்று கீழே விழும். கலிஃபோர்னியா ஸ்க்ரீமிங் என்ற நீளமான ரோலர் கோஸ்டர் ஏரிக்கரையை ஒட்டி ஓடும். மனிதன் எறும்பு அளவுக்குச் சுருங்கிப்போனது போல ராட்சதப் புல்லும் இலையுமாக ஒரு பூச்சி உலகம் இருந்தது. ஹைப்பீரியன் அரங்கில் அலாதீன் இசை நாடகம், அதில் ஜீனி அன்றன்றைய செய்தியை வைத்து அடிக்கும் நக்கல். அப்புறம் சோரின். இருக்கையோடு மேலே தூக்கி, பெரிய வளைந்த திரைக்கு முன்னால் கலிஃபோர்னியா முழுக்கப் பறக்க வைப்பார்கள். ஆரஞ்சுத் தோட்டத்தின் மேல் போகும்போது மூக்கில் ஆரஞ்சு வாசனை வரும்.

2022இல் இவற்றில் ஒன்றாவது பழைய பெயரில் இருந்ததா என்றால் இல்லை. டவர் ஆஃப் டெரர் 2017 ஜனவரியில் மூடப்பட்டு அதே மே மாதம் கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி ரைடாகத் திறந்தது. ஸ்க்ரீமிங் 2018இல் இன்கிரெடிகோஸ்டர் ஆனது. பூச்சி உலகத்தை அந்த வருடமே மூடி அகற்றிவிட்டு, 2021இல் அவெஞ்சர்ஸ் கேம்பஸ் என்ற சூப்பர்ஹீரோ பகுதியைத் திறந்தார்கள். 2003இலிருந்து ஓடிய அலாதீன் 2016 ஜனவரியில் நின்றது. சோரினின் படம் அதே வருடம் கலிஃபோர்னியாவை விட்டு உலகம் சுற்ற ஆரம்பித்தது. பழைய கலிஃபோர்னியா படத்தை இப்போதும் அவ்வப்போது கொஞ்ச நாள் போடுகிறார்கள்; அந்தச் சமயத்தில் போக முடிந்தால் விடாதீர்கள். ராட்டினத்துக்குக்கூட சன் வீல், மிக்கீஸ் ஃபன் வீல், பிக்ஸார் பால்-அ-ரவுண்ட் என்று இதுவரை மூன்று பெயர்.

புதியவை மோசம் என்று சொல்ல மாட்டேன். கார்டியன்ஸ் ரைடில் ஆறு பாட்டுகள் வைத்திருக்கிறார்கள், எது வருமோ அதற்கேற்ப லிஃப்ட் ஏறி இறங்கும். நல்ல யோசனை. ஆனால் கட்டடமும் லிஃப்டும் பழையதேதான். மேலே சட்டை மட்டும் மாறியிருக்கிறது. பழைய கதையில் இருந்த அந்தப் பாழடைந்த ஓட்டலின் அமைதி, கதவு சாத்துவதற்கு முன் வயிற்றில் வரும் குளிர், இரண்டும் போய்விட்டன.

அந்தப் பூங்காவின் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2001 பிப்ரவரியில் டிஸ்னிலேண்டின் பழைய கார் நிறுத்துமிடத்தில் அது திறந்தபோது பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. சூப்பர்ஸ்டார் லிமோ என்ற ரைடு ஒரு வருடம்கூட ஓடவில்லை. வந்த கூட்டமும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. 2007இலிருந்து 2012 வரை ஏறக்குறைய 110 கோடி டாலர் செலவழித்துத்தான் பூங்காவைத் தூக்கி நிறுத்தினார்கள். அப்போது வந்ததுதான் கார்ஸ் லேண்ட். செம்மண் நிறப் பாறை மலை, அதற்குக் கீழே ஒரு சின்ன நெடுஞ்சாலை ஊர், மலையைச் சுற்றி இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் போட்டி போட்டு ஓடும் ரைடு. அமெரிக்காவில் நான் பார்த்த பூங்காக்களில் இவ்வளவு முழுமையாகச் செய்த பகுதி வேறு இல்லை. ஆக, அங்கே நடந்த மாற்றங்களில் பாதி அவசியமானவை. மீதிப் பாதி, நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றை எடுத்துவிட்டுச் செய்தவை. எனக்கு வருத்தம் அந்த மீதிப் பாதியில்தான்.

டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17இல் திறந்தது. அங்கே நடப்பது நம் ஊர்க் கோயில் திருப்பணி மாதிரி. கோபுரத்துக்குச் சாரம் கட்டுவார்கள், உடைந்த சுதையைச் சரி செய்வார்கள், வண்ணம் மாறும், ஆனால் மூலவர் நகர மாட்டார். இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டரான ஸ்பேஸ் மவுண்டன் 1977இல் வந்தது. 2003இல் மூடி, உள்ளே இருந்த தண்டவாளம் முழுவதையும் அதே வளைவு நெளிவோடு புதிதாகப் போட்டு 2005இல் திறந்தார்கள். ஏறுகிறவருக்குத் தெரிவது அதே இருட்டும் அதே திருப்பங்களும்தான். 1959இன் நீர்மூழ்கிக் கப்பல்களை 1998இல் நிறுத்தினார்கள். 2007இல் அவை நீமோ மீனின் கதையோடு திரும்பி வந்தபோது அதே குளம்தான், பழைய கப்பல் கூடுகளுக்கே மின்சார மோட்டார் வைத்து ஓட்டினார்கள். ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டுக்கு 2001இலிருந்து வருடாவருடம் பண்டிகை வேஷம் போடுகிறார்கள். ஜனவரி வந்ததும் வேஷத்தைக் கலைத்துவிடுவார்கள், 1969இன் வீடு அப்படியே வெளியே வந்துவிடும்.

பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்தான் இதற்கு நல்ல உதாரணம். கடற்கொள்ளையர் உலகத்தைப் படகில் சுற்றிக் காட்டும், 1967இல் வந்த ரைடு அது. 2006இல் அதே பெயர்ப் படங்களின் நாயகன் ஜாக் ஸ்பாரோவின் பொம்மையை உள்ளே கொண்டுவந்தார்கள். பெண்களை ஏலம் விடும் காட்சியை 2018இல் மாற்றினார்கள். ஏலத்தில் நின்ற செந்தலைப் பெண் இப்போது தானே ஒரு கொள்ளைக்காரி, கொள்ளையடித்த பொருளை ஏலம் விடும் இடத்தில் துப்பாக்கியோடு நிற்கிறாள். செய்ய வேண்டிய திருத்தம். காட்டு ஆற்றில் படகில் போகும் ஜங்கிள் குரூஸில் பழங்குடி மக்களைக் கேவலமாகக் காட்டிய பொம்மைகளை 2021இல் எடுத்ததும் அப்படித்தான். தப்பைத் திருத்தினார்கள், படகை நிறுத்தவில்லை.

அந்தப் பைரேட்ஸ் படகில் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதலில் இரவு நேரச் சதுப்பு நிலம், மின்மினிகள், தவளைச் சத்தம். இடது பக்கம் ஒரு குடிசைத் திண்ணையில் ஒரு கிழவர் சாய்வு நாற்காலியில் ஆடிக்கொண்டிருப்பார். அவ்வளவுதான், வேறு எதுவும் நடக்காது. ரைடு அங்கே அவசரமே படுவதில்லை. அப்பா அந்தக் கிழவர் மறையும் வரை திரும்பித் திரும்பிப் பார்த்தார். “பொம்மையாப்பா அது?” என்று மெல்லக் கேட்டார். 2008இல் அதே வளைவில் என் மனைவி என்னிடம் கேட்டதும் இதே கேள்விதான். இதற்காகத்தான் சொல்கிறேன். நான் பார்த்ததை அப்பாவுக்கும் மகளுக்கும் காட்ட முடிந்தது. எதிர்வாசலில் போயிருந்தால் “இங்கேதான் முன்னாடி ஒன்று இருந்தது” என்று கையை மட்டும்தான் நீட்டியிருப்பேன்.

பெரியவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. டிஸ்னிலேண்டில் பழையதை வைத்திருப்பதால் உட்கார்ந்து பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. பூங்காவைச் சுற்றிவரும் ரயில் திறப்பு நாளிலிருந்து ஓடுகிறது. உண்மையான நீராவி எஞ்சின்தான். நான்கு நிலையத்தில் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம், இறங்கலாம். கடைசிப் பகுதியில் ஒரு இருட்டுச் சுரங்கத்தில் டைனோசர்கள் நிற்கும். அவை 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்குச் செய்தவை, 1966இலிருந்து இங்கே இருக்கின்றன. முழங்கால் வலியோடு வந்த அம்மா இரண்டு சுற்று வந்தார். டிக்கி ரூம் 1963இலிருந்து நடக்கிறது. பொம்மைப் பறவைகள் கூரையிலிருந்து பாடும், நடுவில் ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டும், உள்ளே நல்ல ஏசி. ஜங்கிள் குரூஸில் யானைகள் குளிக்கும் குளம் வந்ததும், “நம்ம ஊர் யானைடி!” என்று அம்மா பேத்தியின் தோளைத் தட்டினார். அவை இந்திய யானைகளேதான், 1962இல் சேர்த்தவை.

டிஸ்னிலேண்டிலும் மனதுக்கு ஒப்பாதவை உண்டு. உயர்ந்த பாதையில் ஓடிய பீப்பிள்மூவர் வண்டி 1995இல் நின்றது. அதே பாதையில் 1998இல் விட்ட ராக்கெட் ராட்ஸ் இரண்டு வருடத்தில் நின்றது. அதற்குப் பிறகு டுமாரோலேண்ட் பகுதியில் அந்த உயர்ந்த பாதை தலைக்கு மேல் வெறுமையாகக் கிடக்கிறது. மெதுவாகச் சுற்றிக் காட்டும் அந்த வண்டி இன்றிருந்தால் என் அம்மா போன்றவர்களுக்கு வரப்பிரசாதம். நாங்கள் போன சமயம் ஸ்ப்ளாஷ் மவுண்டன் என்ற தண்ணீர் ரைடும் மூடியிருந்தது. அதே மரக்கட்டை ஓடம், அதே செங்குத்து இறக்கம், டிஸ்னி பட இளவரசி டியானாவின் கதையோடு 2024 நவம்பரில் திறந்தது. நான் இன்னும் ஏறவில்லை, அதனால் கருத்துச் சொல்ல மாட்டேன்.

இரவு ஷோ விஷயத்தில் என் அனுபவம் குறைவு. கலிஃபோர்னியா அட்வென்சரின் வேர்ல்ட் ஆஃப் கலரை 2015இல் ஒரு தடவை பார்த்தேன். ஏரி முழுக்க நீரூற்றுகள் எழும்பும்போது கண்ணை எடுக்க முடியவில்லை. டிஸ்னிலேண்டின் ஃபேன்டாஸ்மிக் 1992இலிருந்து நடக்கிறது. நான் 2008இல் பார்த்ததோடு சரி. 2023 ஏப்ரலில் மேடையில் டிராகன் தீப்பிடித்த பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஷோ இல்லை, அதனால் அப்பா அம்மாவுக்குக் காட்ட முடியவில்லை. இரவு ஷோ மட்டும்தான் கணக்கு என்றால் நான் எதிர்வாசலைச் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் எல்லோருமே 12 வயதைத் தாண்டியவர்கள், இதற்கு முன் யாரும் வந்ததில்லை என்றால் கலிஃபோர்னியா அட்வென்சர் தப்பான முடிவு இல்லை. அவர்களுக்கு எதையும் இழந்த வருத்தம் இருக்காது. இரண்டு நாள் கிடைத்தால் பேச்சே இல்லை, முதல் நாள் டிஸ்னிலேண்ட், மறுநாள் எதிர்வாசல். அந்த இரண்டாம் நாளில் காலையில் மற்றதைப் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கார்ஸ் லேண்டில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் இறங்க இறங்கப் பாறை சிவக்கும், அப்புறம் கடைகளின் நியான் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். கார் ரைடுக்கு 40 அங்குலம் இருந்தால் போதும். மகளை அடுத்த தடவை அதற்குத்தான் கூட்டிப் போகிறேன், ஆனால் இரண்டாம் நாளில்.