மீன்வெல் எல்டிடி-700எச் டிரைவர்: ரீஃப் டேங்க் லைட்டை நாமளே கட்டறவங்களுக்கு

ரீஃப் டேங்க்குக்கு, அதாவது பவளம் வளர்க்கற உப்புத் தண்ணி தொட்டிக்கு, சொந்தமா எல்ஈடி கட்டணும்னு இறங்கறவங்க எந்த கலர், எத்தனை வாட், லென்ஸ் வேணுமான்னு மணிக்கணக்கா பேசுவாங்க, டிரைவரைப் பத்தி கடைசியிலதான் கேப்பாங்க. என்னைக் கேட்டா முதல்ல முடிவு பண்ண வேண்டியதே அதைத்தான். எல்ஈடிக்கு வோல்டேஜ் லேசா ஏறினாலே கரண்ட் எகிறிடும், சூடாகும், சூடானா இன்னும் இழுக்கும், கடைசில கருகிடும், அதனால கரண்ட்டை ஒரே அளவுல பிடிச்சு வைக்கற டிரைவர் கட்டாயம் வேணும்.

மீன்வெல் கம்பெனியோட எல்டிடி-700எச் அந்த வேலையை சுத்தமா செய்யுது. தீப்பெட்டியை விட சின்னது, உள்ள 9ல இருந்து 56 வோல்ட் வரைக்கும் டிசி கொடுக்கலாம், வெளிய 700 மில்லிஆம்ப் வரும். இது வோல்டேஜைக் குறைக்க மட்டும்தான் செய்யும், கூட்டாது, அதை மனசுல வச்சுதான் கணக்கு போடணும். 12 ராயல் ப்ளூ எல்ஈடியை சீரிஸ்ல (ஒண்ணு பின்னால ஒண்ணா) போட்டா கிட்டத்தட்ட 38, 39 வோல்ட் வரும், 48 வோல்ட் சப்ளை தாராளமா போதும். அந்த 450 நானோமீட்டர் நீலம்தான் பவளத்துக்குள்ள இருக்கற பாசிக்கு நல்லா பிடிக்கும், வெள்ளை நம்ம கண்ணுக்காக கொஞ்சம் போட்டுக்கலாம், அதுக்கு தனி டிரைவர் போட்டா ரெண்டையும் தனித்தனியா ஏத்தி இறக்கலாம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது டிம்மிங்தான், அதாவது வெளிச்சத்தை ஏத்தி இறக்கறது. 100 ஹெர்ட்ஸ்ல இருந்து 1 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடபிள்யூஎம் (லைட்டை வேகமா அணைச்சு எரிய வச்சு வெளிச்சத்தைக் குறைக்கற சிக்னல்) எடுத்துக்குது, ஆர்டுயினோ ஊனோங்கற குட்டி கண்ட்ரோலர் போர்டு சும்மாவே 490 ஹெர்ட்ஸ் தர்றதால செட்டிங் எதையும் மாத்தாம நேரா கனெக்ட் பண்ணிடலாம், காலைல மெல்ல வெளிச்சம் ஏறி சாயங்காலம் மெல்ல இறங்கும்.

ஆனா ஒண்ணு, டிம் வயர் கழண்டா லைட் அணையாது, முழு வெளிச்சத்துல எரியும்!! டேட்டாஷீட்லயே அப்படித்தான் இருக்கு. குறைஞ்ச வெளிச்சத்துக்குப் பழகின பவளம் நாள் முழுக்க அதுல நின்னா வெளுத்துப் போயிடும், அதனால அந்த ஜாயிண்ட்டை நல்லா சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்கி மூடிக்கற டியூப்) போட்டுடுங்க. அப்புறம் டிம்மோட மைனஸை அவுட்புட் மைனஸ்ல கோக்கவே கூடாது, இன்புட் மைனஸ் பக்கம்தான். உப்புத் தண்ணி பக்கத்துல இருக்கறதால டிரைவரை டேங்க் மேல வைக்காம ஒரு மூடின பெட்டில தள்ளி வைங்க.

நான் இருக்கறது சிங்கப்பூர்ல, இங்க எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற சிம் லிம் டவர்ல ஏறி இறங்கினா ஹீட் சிங்க், வயர், தெர்மல் பேஸ்ட்னு மத்த சாமான் எல்லாம் கைல பார்த்தே வாங்கலாம். இந்த வெக்கைல ரொம்ப சூடாகற மெட்டல் ஹாலைட் விளக்கு போட்டா தண்ணியைக் குளிர வைக்கற சில்லர் ஓட்டியே கரண்ட் பில் ஏறிடும், அதுக்காகவே எல்ஈடி நல்லது. சால்டரிங் பழக்கமே இல்லாதவங்க, 230 வோல்ட் பக்கம் கை வைக்க பயப்படறவங்க ரெடிமேட் லைட்டே வாங்கிடுங்க, தப்பே இல்ல. கட்டறவங்க பின் வச்ச மாடலை சாக்கெட்ல மாட்டுங்க, ஒண்ணு போனாலும் பிடுங்கிட்டு வேற சொருகிடலாம், கூட ஒரு பீஸ் வாங்கி வச்சுக்கங்க.