வீட்டுக்கே வரும் மறுவாழ்வுச் சேவை: ஒரு மதிப்பீடு

பக்கவாதத்தால் வலது கையும் காலும் வலுவிழந்து, பேச்சும் தடுமாறிய என் தந்தைக்காக, வீட்டுக்கே வந்து சிகிச்சையும் அன்றாடப் பராமரிப்பும் அளிக்கும் ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம். அதன் சிகிச்சைப் பிரிவு மிக நன்று. ஒருங்கிணைப்போ தொடக்கத்தில் மிகவும் பலவீனமாக இருந்தது.

முதல் வருகையில் இயன்முறை மருத்துவர் உடற்பயிற்சி எதையும் தொடங்கவில்லை. கட்டிலின் உயரம், கழிவறைக்குச் செல்லும் வழி, இடையிலுள்ள நிலைப்படி ஆகியவற்றைப் பார்வையிட்ட பிறகு, எதை முதலில் தாமாகவே செய்ய விரும்புகிறார் என்று தந்தையிடமே கேட்டார். நாங்கள் நடப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவரோ கழிவறையைச் சுட்டிக்காட்டினார். கட்டிலிலிருந்து எழுவது, நிற்பது, திரும்பி அமர்வது எனப் பயிற்சிகள் அனைத்தும் அந்த ஒரு தேவையைச் சுற்றியே அமைக்கப்பட்டன.

முன்னேற்றத்தை அளக்க, 1965இல் வெளியான பார்தெல் குறியீட்டைப் பயன்படுத்தினர். உண்பது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது உள்ளிட்ட 10 செயல்களில் ஒருவர் எந்த அளவுக்குப் பிறர் உதவியின்றி இயங்குகிறார் என்பதை அது 0 முதல் 100 வரையிலான மதிப்பெண்ணாகத் தருகிறது. ஆனால் பேச்சு அதில் இடம்பெறவில்லை. மதிப்பெண் உயர்ந்துகொண்டிருந்ததால், சொற்கள் கிடைக்காமல் தந்தை தவித்தது எந்த அறிக்கையிலும் பதிவாகவில்லை. பேச்சுப் பயிற்சியாளரை நாங்களே வற்புறுத்திக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

பெரிய குறை, பராமரிப்பு உதவியாளர்கள் அடிக்கடி மாறியதுதான். வலுவிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது. தோள்மூட்டைத் தாங்கும் தசைகள் தளர்ந்திருப்பதால் மூட்டு நழுவி, வலி நிலைத்துவிடக்கூடும். சிகிச்சையாளர் இதை எழுதி வைத்திருந்தார், ஆனால் புதிதாக வந்த உதவியாளர் அந்தக் குறிப்பைப் பார்த்ததே இல்லை. ஒருங்கிணைப்பாளர் எனப்பட்டவர் உண்மையில் வருகை நேரத்தையும் கட்டணத்தையும் மட்டுமே கவனித்துவந்தார். முறையிட்ட பிறகு, எல்லோரும் எழுதும் ஒரே குறிப்பேடு கட்டிலருகே வைக்கப்பட்டது. புதிய உதவியாளர் முதல் நாளில் சிகிச்சையாளரின் முன்னிலையில் பணியாற்றும் வழக்கமும் வந்தது. இத்தனை எளிய ஏற்பாடு ஒப்பந்தத்திலேயே இருந்திருக்க வேண்டும்.

சமூகப் பணியாளரின் சேவையும் உண்டு என்று விளம்பரத்தில் இருந்தாலும், அவர் வந்தபோது படிவத்தில் தந்தையைப் பற்றிய கேள்விகளே நிறைந்திருந்தன. இரவெல்லாம் விழித்திருக்கும் தாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கேட்ட பிறகே, அவர் ஓய்வெடுப்பதற்காக மாற்று உதவியாளரை அனுப்ப ஒப்புக்கொண்டனர்.

உதவியாளரை மட்டும் வேறிடத்திலிருந்து மலிவாக அமர்த்தலாம் என்று உறவினர் சிலர் யோசனை கூறினர். அவ்வாறு பிரித்தால் சிகிச்சையாளருக்கும் உதவியாளருக்கும் இடையே பழைய இடைவெளி மீண்டும் விழும் என்பதால், இரண்டையும் இதே நிறுவனத்திடம் தொடர்கிறோம்.