மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி: சைக்கிளுக்குக் குன்னூர் சாலையா, கோத்தகிரி சாலையா?

மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூர். வலப்பக்கம் திரும்பினால் குஞ்சப்பனை, அரவேணு வழியாகக் கோத்தகிரி. காரில் வருபவருக்கு எந்தப் பக்கம் போனாலும் பெரிய வித்தியாசமில்லை. ரோடு பைக்கில் வருபவருக்கோ, அந்த இடத்தில் ஹேண்டில்பாரை எந்தப் பக்கம் திருப்புகிறார் என்பதைப் பொறுத்தே அன்றைய பயணம் அமையும். எங்கள் தேர்வு கோத்தகிரி. ஏறவும் அதுதான், இறங்கவும் அதுதான்; ஏரி பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும் ஏற்றத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு, கடைசியில் சொல்கிறோம்.

தூரத்தையும் ஏற்றத்தையும் வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டு ஊர்களும் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறக்குறைய 33 கி.மீ. சுமார் 325 மீட்டர் உயரத்தில் கிளம்பி 1,800 மீட்டரை ஒட்டிய உயரத்துக்குப் போகிறோம். ஆரம்பத்தில் சில கிலோமீட்டர் சமதளம், பிறகு சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் ஏற்றம். கண்ணைக் கட்டி விட்டால் எந்தச் சாலையில் ஏறுகிறோம் என்று காலுக்குத் தெரியாது.

ஆகவே கியர் கணக்கும் இரண்டுக்கும் ஒன்றுதான். முன்னால் 34 பல், பின்னால் 32 பல் இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது வேகம் மணிக்கு 8 கி.மீ. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், ஐந்து சதவீத ஏற்றத்தில் இதற்குக் காலிலிருந்து 105 வாட் திறன் போதும். ஓரளவு பழகிய எவரும் மூன்றரை மணி நேரம் தாக்குப்பிடிக்கலாம். பழைய ரேஸ் சைக்கிள்களில் வரும் 39-க்கு 25 கியரில் அதே 60 சுற்றுக்கு 160 வாட் வேண்டும். அது முடியாமல் சுற்றைக் குறைத்து, எழுந்து நின்று மிதித்து, முழங்கால் வலியோடு பாதியில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் நிறைய. கோவையிலேயே பின் கேசட்டை (பின் சக்கரத்தின் பல்சக்கர அடுக்கை) மாற்றிக்கொண்டு வருவது நல்லது. பெரிய பல்சக்கரத்துக்குப் பின் டிரெயிலியர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) இடம் கொடுக்குமா, செயின் நீளம் போதுமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

வண்டிக் கூட்டத்தில்தான் முதல் வித்தியாசம். குன்னூர் வழி தேசிய நெடுஞ்சாலை 181. கோவையையும் ஊட்டியையும் இணைக்கும் முக்கியத் தடம். பேருந்து, சரக்கு லாரி, சுற்றுலா வேன் எல்லாம் அதில்தான். 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழி மாநில நெடுஞ்சாலை 15. இதிலும் பேருந்து உண்டு, ஆனாலும் சாதாரண நாட்களில் நெரிசல் வெகு குறைவு. ஏறும்போது இது வெறும் எரிச்சல்தான்: புகை, ஹாரன், ஓரத்துக்கு ஒதுங்குவது. எட்டு கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் எப்படியும் ஒதுங்கித்தான் போகிறார்.

இறங்கும்போதுதான் இது உயிர்ப் பிரச்சினையாகிறது. எங்கள் முடிவு முழுக்க முழுக்க இறக்கத்தை வைத்துத்தான்.

ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் விட்டால், 85 கிலோ எடை மணிக்கு 45 கி.மீ.க்கு மேல் போய், காற்றின் எதிர்ப்பால் அங்கேயே நிலைக்கும். மணிக்கு 35 கி.மீ.யில் பிடித்து ஓட்டினால் இறக்கம் தரும் ஆற்றலில் பாதிக்கு மேல் காற்றிலும் டயர் உருளுவதிலும் போய்விடும், மீதிதான் பிரேக்குக்கு. இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு இறங்கும் லாரிக்குப் பின்னால் மணிக்கு 15 கி.மீ.யில் மாட்டிக்கொண்டால் காற்று உதவாது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பிரேக்கில் சேரும் வெப்பம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ரிம்மை, அதாவது சக்கரத்தின் உலோக அல்லது கார்பன் வளையத்தை, குளிர்விக்கும் காற்றும் அதே அளவுக்குக் குறைந்திருக்கும். மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இங்கே பொய்த்துப்போகிறது: நீளமான மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கைப் பிடித்தபடி மெதுவாக இறங்குவதுதான் மிக ஆபத்தானது.

கட்டைகள் ரிம்மையே கவ்விப் பிடிக்கும் ரிம் பிரேக் உள்ள சைக்கிளில் அந்தச் சூடு நேரே டியூபுக்குப் போகும். காற்றழுத்தம் ஏறும், டயரின் ஓரம் ரிம்மிலிருந்து நழுவும், முன் சக்கரம் வெடிக்கும். கார்பன் ரிம்மில் பிரேக் பிடிக்கும் பரப்பே இளகிப் புடைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்ட சக்கரத்தோடு குன்னூர் சாலையில் இறங்கவே வேண்டாம். லேடெக்ஸ் டியூபும் கூடாது. சாதாரண பியூட்டைல் டியூப் போடுங்கள். டிஸ்க் பிரேக்கில் டியூப் தப்பிக்கும், ஆனால் பிரேக் பேடின் மேல் கண்ணாடிபோலப் பளபளப்பு ஏறிப் பிடிமானம் குறையும். ஹைட்ராலிக்காக (திரவ அழுத்தத்தில் இயங்குவதாக) இருந்தால் பிரேக் நெம்புகோல் பஞ்சுபோல உள்ளே போக ஆரம்பிக்கும். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் உடனே ஓரம் கட்டி, கை வைக்காமல் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடான ரோட்டரில் (டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டில்) தண்ணீர் ஊற்றினால் அது வளைந்துவிடும்.

செய்யவேண்டியது இதுதான். நேர்ச்சாலையில் விட்டுப் பிடியுங்கள்: சில நொடி அழுத்தமாக, பிறகு முழுசாக விட்டு, காற்றுக்கு வழி கொடுத்து. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, பிரேக்கை விட்ட நிலையில் திரும்புங்கள். முன்னும் பின்னும் இரண்டையும் பயன்படுத்துங்கள். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் பூட்டி வழுக்கும். முன்னால் லாரி இருந்தால் ஒட்டிப் போகாமல், அகலமான இடத்தில் நின்று, அது இரண்டு வளைவு தள்ளிப் போகும்வரை காத்திருங்கள். கோத்தகிரி சாலையில் இப்படி நிற்கவேண்டியது எப்போதாவதுதான். குன்னூர் சாலையில், குறிப்பாக ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு லாரியை விட்டால் அடுத்த பேருந்து பின்னாலேயே வந்து நிற்கும்.

மூடுபனியில் ரிம் நனைந்திருந்தால் முதல் அழுத்தம் தண்ணீரைத் துடைக்க மட்டுமே உதவும், பிடிமானம் அடுத்த அழுத்தத்தில்தான் கிடைக்கும். அந்தத் தாமதத்தையும் கணக்கில் வையுங்கள். கிளம்புமுன் பிரேக் கட்டையைப் பாருங்கள். தேய்மானக் கோடு மறைந்திருந்தால் மாற்றுங்கள், கட்டையில் குத்தியிருக்கும் உலோகத் துணுக்குகளை ஊசியால் நோண்டி எடுங்கள். டயர் 28 மி.மீ. இருந்தால் நல்லது. ஒரு ஜோடி பிரேக் கட்டை, இரண்டு டியூப், டயர் லீவர், பம்பு கையில் இருக்கட்டும். ரோடு பைக்குகளுக்கான மெல்லிய பிரஸ்டா வால்வு டியூப் மலைமேல் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் ஆறு, ஏழு டிகிரி குளிர் கூடும். வியர்வையில் நனைந்த உடம்போடு இறங்கினால் விரல் மரத்துப்போய் நெம்புகோலை அழுத்தவே வராது. காற்றுத் தடுப்பு ஜாக்கெட்டும் முழு விரல் கையுறையும் அதற்காகத்தான்.

கோத்தகிரிக்குச் சாதகமாகச் சொன்ன எல்லாம் ஏப்ரல், மே மாதங்களில் தலைகீழாகிவிடும். சீசன் நெரிசலில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம். ஊட்டியிலிருந்து கிளம்பும் கூட்டம் மொத்தமும் அப்போது இந்தச் சாலையில்தான். அந்த இரண்டு மாதங்களுக்கு எங்கள் பரிந்துரை எந்தச் சாலையும் இல்லை. துணைக்குக் கார் வந்தால் அது நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும்; 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவைத்தான் அடிக்கும். 2009 நவம்பரில் நிலச்சரிவு கண்ட சரிவு இது. இரண்டு சாலைகளும் அப்போது ஒரே மாதிரி ஆபத்தானவை. மேலே சொன்ன ஒப்பீட்டை ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட காலத்துக்கானதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

யானை விஷயத்தில் கோத்தகிரிக்கு மதிப்பெண் கூட்டித் தரமுடியாது. பலாப்பழம் பழுக்கும் நாட்களில் பர்லியாறு, குஞ்சப்பனை இரண்டு பக்கமும் யானை சாலைக்கு வரும். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் யானைக்கு முன்னறிவிப்பே இல்லை. விடிந்தபின் கிளம்புங்கள், இருட்டுமுன் இறங்கி முடியுங்கள். யானை கண்ணில் பட்டால் தொலைவிலேயே நின்று, பேருந்தோ லாரியோ வந்தால் அதன் பின்னால் ஒதுங்குங்கள்.

தண்ணீர் பாட்டிலை நம்பி வராதீர்கள். நீலகிரியில் கடையில் விற்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள். 750 மி.லி. கொள்ளும் சைக்கிள் பாட்டில் இரண்டை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள், குடிநீர் ஏ.டி.எம்.மில் மறுபடி நிரப்பலாம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மசினகுடியிலிருந்து ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள்; பல இடங்களில் பத்து சதவீதத்தைத் தாண்டும். மேலே சொன்ன அதே 34-க்கு 32 கியரில், அதே 60 சுற்றுக்கு அங்கே 200 வாட்டை நெருங்கும். போட்டிக்குப் பழகுகிறவர்களுக்கு அது சரி. காரமடை, முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூர் போகும் 43 கொண்டை ஊசிப் பாதை அழகில் எல்லாவற்றையும் மிஞ்சும், ஆனால் ஆள் நடமாட்டமில்லாத யானைக் காடு. தனியாகப் போகவே கூடாது.

குன்னூர் வெல்லும் இடம் ஒன்று உண்டு: ஊட்டிக்கு அப்பால் இருக்கும் ஏரிகளுக்குப் போவது. குன்னூர் வழியாக ஊட்டி 51 கி.மீ. கோத்தகிரி வழியாகப் பத்து கிலோமீட்டருக்கு மேல் கூடுதல். தொட்டபெட்டாவின் தோளில் ஏறி, ஊட்டியைவிட உயரமான இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கவேண்டும். பைக்காரா ஏரிக்குப் போகும் 20 கி.மீ. மறுபடியும் அதே நெடுஞ்சாலை, அதே சுற்றுலா வண்டிகள். முத்தோரை பாலாடா, இத்தலார் வழியாக எமரால்டு ஏரிக்குப் போகும் சாலைதான் சைக்கிளுக்கு ஏற்றது: இருபுறமும் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம், தேயிலை, சிறு சிறு ஏற்ற இறக்கம். ஜூன் முதல் ஆகஸ்டு வரை அந்தப் பக்கம் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை அங்கே கொட்டும். 2019 ஆகஸ்டில் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது.

ஏரியையும் பார்க்கவேண்டும், இறக்கத்தையும் காப்பாற்றவேண்டும் என்றால் மூன்று நாள் ஒதுக்குங்கள். முதல் நாள், வார நாளாகப் பார்த்து, விடிந்ததும் கிளம்பிக் குன்னூர் வழியாக ஊட்டி. இரண்டாம் நாள் எமரால்டு போய்த் திரும்புவது. மூன்றாம் நாள் காலை தொட்டபெட்டா சந்திப்பில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரி. அங்கே ரிம்மைத் துடைத்து, பிரேக் கட்டையை இன்னொருமுறை பார்த்துவிட்டு, அரவேணுவைத் தாண்டி இறங்குங்கள்.