ரீப்பரில் எந்த செட்டிங்கை எங்கே மாற்றுவது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பாட்டைப் பதிவு செய்து, எடிட் செய்து, மிக்ஸ் செய்யும் மென்பொருளான ரீப்பர் ஐந்தாம் பதிப்பில் இருந்த காலத்திலிருந்து அதில் வேலை செய்கிறேன். குரல், வீணை, புல்லாங்குழல், மிருதங்கம் வைத்துச் செய்யும் பக்திப் பாடல்கள், அவ்வப்போது குறும்படங்களுக்குப் பின்னணி இசை, இதுதான் என் வேலை. இப்போது ஏழாம் பதிப்பு ஓடுகிறது. இந்த மென்பொருளை எனக்குப் பிடிக்க முதல் காரணம், அதன் நடத்தையை என் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள முடிவதுதான். புதிதாக வருகிறவர்கள் மிரண்டு திரும்பிப் போவதற்கும் அதுவே காரணம். கண்ட்ரோல் பி அழுத்தினால் ப்ரிஃபரன்சஸ் பெட்டி திறக்கும். இடது பக்கம் நீளமான பட்டியல், ஒவ்வொரு பக்கத்திலும் கட்டம் கட்டமாகத் தேர்வுகள். கீழே ஒரு தேடல் கட்டம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. நான் பக்கம் பக்கமாகப் புரட்டுவதில்லை, அதில் ஒரு சொல்லை அடித்துத்தான் தேடுகிறேன்.

வினாம்ப் என்ற பாட்டு ப்ளேயரை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கல் பிறகு தொடங்கிய காகோஸ் நிறுவனத்தின் மென்பொருள் இது. முதல் பதிப்பு 2006இல் வந்தது. பயனர் கேட்கும் ஒவ்வொரு நடத்தையையும் ஒரு தேர்வாக உள்ளே சேர்த்துச் சேர்த்து வளர்ந்ததால்தான் இத்தனை கட்டங்கள். எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் ஒன்றைப் புரிந்துகொண்டே ஆக வேண்டும்: ரீப்பரில் அமைப்புகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவானவை ப்ரிஃபரன்சஸில். அந்தப் பாட்டுக்கு மட்டும் உரியவை, ஆல்ட் என்டர் அழுத்தினால் வரும் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில். ஒரு ட்ராக்குக்கு (ஒரு குரலோ வாத்தியமோ ஓடும் வரிசை) மட்டும் உரியவை, அந்த ட்ராக்கின் மேல் ரைட் க்ளிக் செய்தால் வரும். அதற்கும் கீழே, ட்ராக்கில் கிடக்கும் ஒவ்வொரு ஆடியோத் துண்டுக்கும் தனி அமைப்பு உண்டு. ரீப்பர் அதை ஐட்டம் என்கிறது. என்னிடம் உதவி கேட்டு வருகிற பெரும்பாலான சிக்கல்கள் இந்த அடுக்குக் குழப்பத்தில்தான் பிறக்கின்றன. ஒரு பாட்டுக்கு வேண்டியதை எல்லாப் பாட்டுக்கும் பொதுவாக மாற்றிவிடுகிறார்கள். அல்லது பொதுவாக ஒரு தடவை மாற்றவேண்டியதை ஒவ்வொரு ட்ராக்கிலும் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நல்ல உதாரணம் டைம்பேஸ், அதாவது ஐட்டம் தாளத்தோடு நகர வேண்டுமா, கடிகார நேரத்தோடு நிற்க வேண்டுமா என்ற தேர்வு. ரீப்பரில் புது ப்ராஜெக்ட் திறந்தால் ஐட்டங்கள் தாளக் கணக்கோடு ஒட்டியிருக்கும். டெம்போவை, அதாவது பாட்டின் வேகத்தை, மாற்றினால் ஐட்டத்தின் இடம், நீளம், வேகம் எல்லாம் கூடவே மாறும். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) வைத்து வேலை செய்பவர்களுக்கு இது வரம். நம் பாட்டில் முதலில் ஒரு விருத்தம், தாளமில்லாமல், பாடகர் தன் மூச்சுக்குப் பாடியது. அப்புறம் ஆதி தாளத்தில் பாடல் தொடங்குகிறது என்று வையுங்கள். பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டலாமே என்று டெம்போவைத் தொட்டால் விருத்தமும் சேர்ந்து இழுபடும். சிலர் இதற்காகப் ப்ராஜெக்ட் முழுவதையும் நேரக் கணக்குக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் தாளத்தோடு ஓடவேண்டிய தம்பட்டை லூப்பும் டெம்போவைப் பின்தொடராது. சரியான இடம் ட்ராக். விருத்தம் இருக்கும் ட்ராக்கின் டைம்பேஸை மட்டும் நேரத்துக்கு மாற்றினால் போதும். மற்றவை ப்ராஜெக்ட் சொல்வதைக் கேட்கும். விருத்தமும் பல்லவியும் ஒரே ட்ராக்கில் இருந்தால் விருத்த ஐட்டத்துக்கு மட்டும் மாற்றலாம். ஐட்டத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால் ட்ராக் சொல்வது நடக்கும், ட்ராக்கிலும் சொல்லாவிட்டால் ப்ராஜெக்ட் சொல்வது நடக்கும். இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் மற்றப் பல அமைப்புகளும் தானாகப் புரிய ஆரம்பிக்கும்.

தாளத்துக்கு டிக் டிக் என்று தட்டும் மெட்ரோனோமும் ப்ராஜெக்ட் அடுக்குதான். அதில் எந்த அடி அழுத்தமாக ஒலிக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். அழுத்தமான அடிக்கு ஏ, சாதாரண அடிக்கு பி. மிஸ்ர சாபுவுக்கு 7/8 வைத்து ஏ-பி-பி-ஏ-பி-ஏ-பி என்று கொடுத்தால் தகிட தக திமி அப்படியே காதில் விழும். கண்ட சாபுவுக்கு 5/8, ஏ-பி-ஏ-பி-பி. ஆதி தாளத்தைப் பலர் 4/4 என்றே வைத்து ஓட்டுகிறார்கள். 8/4 வைத்து லகு, திருதம், திருதம் (தாளத்தின் 4, 2, 2 எண்ணிக்கைப் பகுதிகள்) தொடங்கும் இடங்களில் மட்டும் அழுத்தம் கொடுத்துப் பாருங்கள். பாடகர் எடுப்பை (பாடல் தொடங்கும் இடத்தை) எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை; மிருதங்கக்காரருக்கும் ஆவர்த்தனத்தின் (தாளச் சுற்றின்) தொடக்கம் தெளிவாகத் தெரியும். சின்ன வேலைதான், ஆனால் ரெக்கார்டிங்கின் தரத்தை நேரடியாக உயர்த்துகிற செட்டிங் எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அடுத்து ட்ராக். மற்ற மென்பொருள்களில் ஆடியோ ட்ராக், மிடி ட்ராக் (கீபோர்டில் வாசித்த சுரக்குறிப்புகளுக்கு), பஸ் (பல ட்ராக்கின் ஒலி சேரும் இடம்) என்று ஒவ்வொன்றும் தனித்தனி ஜாதி. ரீப்பரில் அந்தப் பிரிவே இல்லை. எல்லாம் ட்ராக்தான். ஒரே ட்ராக்கில் ஆடியோவும் மிடியும் வீடியோவும் கிடக்கலாம். ஒன்றை ஃபோல்டராக மாற்றினால் உள்ளே இருப்பவற்றின் ஒலி அதில் வந்து சேரும். தனி பஸ் தேவையில்லை. முன்பு ஒரு ட்ராக்குக்குள் 64 சேனல் வரை ஓடும், ஏழாம் பதிப்பில் அது 128 ஆனது. இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு: புதிதாக ஒரு ட்ராக் போட்டால் அது எதற்கு என்று ரீப்பருக்குத் தெரியாது. அதைச் சொல்வது நம் வேலை. ப்ரிஃபரன்சஸில் ப்ராஜெக்ட் என்ற தலைப்பின் கீழ் ட்ராக்குகளுக்கும் செண்டுகளுக்குமான (செண்டு என்பது ஒரு ட்ராக்கின் ஒலியை இன்னொன்றுக்கு அனுப்பும் வழி) டீஃபால்ட் பக்கம் இருப்பது இதற்காகத்தான். ஃபேடர் எந்த அளவில் நிற்க வேண்டும், எந்த இன்புட், மானிட்டரிங் (பாடும்போதே ரீப்பர் வழியாகக் குரலைக் கேட்பது) உண்டா இல்லையா, ட்ராக்கைத் தேர்ந்தெடுத்ததுமே அது ரெக்கார்டுக்கு ஆர்ம் ஆக (தயாராக) வேண்டுமா என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. அங்கே செய்யும் மாற்றம் இனிமேல் போடும் ட்ராக்குகளுக்கு மட்டும்தான் பொருந்தும், ஏற்கெனவே இருப்பவற்றைத் தொடாது.

மானிட்டரிங்கை டீஃபால்டில் அணைத்தே வைத்திருக்கிறேன். பாடகர் தன் குரலை, மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலிருந்தே நேராக ஹெட்ஃபோனில் கேட்கிறார். ரீப்பரும் அதே குரலைக் கொஞ்சம் தாமதமாக அனுப்பினால் இரண்டும் மோதிக் குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஆகிவிடும். குரல் சரியில்லை, மைக் சரியில்லை என்று தேட ஆரம்பித்துவிடுவோம். ஏற்கெனவே பாடியதில் ஒரு வரியை மட்டும் திருத்திப் பாடும்போது வேறு வழி. ட்ராக்கின் ரெக்கார்ட் பட்டனில் ரைட் க்ளிக் செய்தால் டேப் ஆட்டோ என்ற மானிட்டரிங் வகை கிடைக்கும். பழைய பதிவு ஓடும்போது அது கேட்கும், பதிவு தொடங்கியதும் நேரடிக் குரல் கேட்கும். இதைப் பயன்படுத்தும்போது இன்டர்ஃபேஸின் நேரடி மானிட்டரிங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டும், தாமதம் குறைய பஃபரையும் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுக்கும் ஒலியின் அளவு) சிறியதாக்க வேண்டும்.

தேர்ந்தெடுத்தால் ஆர்ம் ஆகும் வசதியைப் பொது டீஃபால்டாக வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. கீபோர்டில் வாசிக்கும் ட்ராக்குகளுக்கு அது அருமை: ட்ராக்கைத் தொட்டவுடன் வயலினோ ஹார்மோனியமோ கையில் வந்துவிடும். மைக் ட்ராக்குக்கு அது கூடாது. மிக்ஸ் செய்கிறபோது குரல் ட்ராக்கைத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் அது ஆர்ம் ஆகிக்கொண்டிருக்கும். ஆகவே இந்தத் தேர்வை, சேமித்து வைத்த ட்ராக் மாதிரியான ட்ராக் டெம்ப்ளேட்டில் வைத்திருக்கிறேன். கீபோர்ட் வாத்தியங்களுக்கு ஒரு டெம்ப்ளேட், குரலுக்கு ஒன்று, மிருதங்கத்தின் வலந்தலை, இடந்தலை இரண்டையும் இரண்டு மைக்கில் எடுக்க ஃபோல்டரோடு ஒன்று. இன்புட், நிறம், பெயர், எஃபெக்ட், செண்டு எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். வேலை தொடங்கும் நாளில் ட்ராக் அமைப்பதற்கு நேரமே ஆவதில்லை.

மிருதங்கம் என்றதும் ஃபேட், அதாவது ஒலி மெல்ல ஏறுவது, இறங்குவது பற்றிச் சொல்ல வேண்டும். ரீப்பர் ஒவ்வொரு ஐட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தானாகவே 10 மில்லிசெகண்ட் ஃபேட் வைக்கிறது. வெட்டிய இடத்தில் டிக் என்று சத்தம் வராமலிருக்க. குரலுக்கு இது மிகச் சரி. ஆனால் தாள வாத்தியத்தில் சொல்லின் (ஒவ்வொரு அடியின் ஒலி) உயிரே முதல் சில மில்லிசெகண்டில்தான் இருக்கிறது. அடி விழும் இடத்திலேயே வெட்டினால் ‘தீ’யின் முனை மழுங்கிவிடும். கேட்பவருக்கு என்ன குறை என்று சொல்லத் தெரியாது, வாசிப்பில் அழுத்தம் இல்லை என்று மட்டும் தோன்றும். அதனால் தாளம் எடிட் செய்யும்போது அடிக்குச் சற்று முன்பே வெட்டுகிறேன், டீஃபால்ட் ஃபேடையும் 2 மில்லிசெகண்டாகக் குறைத்திருக்கிறேன். குரலுக்கு நீளமான ஃபேட் வேண்டும் என்றால் அந்த இடத்தில் கையால் இழுத்துக்கொள்ளலாம். ஃபேட் அளவு இருக்கும் ப்ரிஃபரன்சஸ் பக்கத்திலேயே லூப் பற்றிய தேர்வும் இருக்கிறது. ஐட்டத்தின் ஓரத்தைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தால் ஆடியோ முடிந்த பின் மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடும். குரல் வேலையில் இதற்கு இடமே இல்லை. வகைவாரியாக இதை அணைக்கலாம். நான் மிடிக்கு மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

மௌஸ் விஷயத்தில் நான் அதிகம் மாற்றவில்லை. மௌஸ் மாடிஃபையர்ஸ் பக்கத்தில் எந்தப் பொருளின் மேல் எந்த விசையோடு இழுத்தால் என்ன நடக்க வேண்டும் என்பது வரை மாற்றலாம். அதில் மூழ்கினால் மேலே வரவே முடியாது. இரண்டு மாற்றம் மட்டும் சொல்கிறேன். ஜூம் செய்யும்போது எடிட் கர்சரை மையமாக வைக்காமல், மௌஸ் இருக்கும் இடத்தை மையமாக வைக்கும்படி மாற்றினேன். அப்புறம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ட்ராக் பகுதியில் எங்காவது க்ளிக் செய்தால் ப்ளேபேக் அங்கே தாவுவதை நிறுத்தினேன். மேலே நேரம் காட்டும் ரூலரில் க்ளிக் செய்தால் மட்டும் தாவும். இதனால் பாட்டைக் கேட்டுக்கொண்டே எடிட் செய்ய முடிகிறது.

ஆடியோ பக்கத்தில் காதைக் காப்பாற்றும் ஒரு செட்டிங் இருக்கிறது, எல்லோரும் போட்டே ஆக வேண்டும். ஒலி ஒரு அளவைத் தாண்டினால் ட்ராக்கையோ மாஸ்டரையோ (எல்லா ட்ராக்கும் சேரும் கடைசி இடம்) தானாகவே ம்யூட் செய்வது. ஏதாவது ப்ளக்இன் (ட்ராக்கில் செருகும் எஃபெக்ட் அல்லது வாத்தியம்) கெட்டுப்போய் அலறினாலும், செண்டு சுற்றிச் சுற்றி வந்து ஃபீட்பேக் ஆனாலும் ஹெட்ஃபோன் போட்டிருப்பவர் தப்பிப்பார். மாஸ்டருக்கு 6 டெசிபல் என்று குறைத்தே வைத்திருக்கிறேன். வெளியாள் ஒருவரின் காதில் நாம் ஹெட்ஃபோனை மாட்டுகிறோம், அந்தப் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

லேட்டன்சி, அதாவது ஒலி உள்ளே போய் வெளியே வரும் தாமதம், பற்றி ஒரு வார்த்தை. டிரைவர் சொல்லும் லேட்டன்சியை நம்பித்தான் ரீப்பர் பதிவைச் சரியான இடத்தில் வைக்கிறது. என்னிடம் இருந்த ஒரு பழைய இன்டர்ஃபேஸ் தவறான அளவைச் சொல்லும். பதிவெல்லாம் ஒரு நூல் பின்தங்கியே விழும். பாடியவருக்குத் தாளம் நிற்கவில்லை என்ற பேர்தான் மிஞ்சும். அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு கேபிள் போட்டு மெட்ரோனோமைப் பதிவு செய்து, அசல் கிளிக்குக்கும் பதிவான கிளிக்குக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்த்து, அந்த அளவை ரெக்கார்டிங் பக்கத்தில் ஆஃப்செட்டாகக் கொடுத்தேன். சரியாகிவிட்டது. எந்த இன்டர்ஃபேஸ் வாங்கினாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

ப்ளக்இன்களை முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் வசதியால்தான் சாதாரண லேப்டாப்பிலும் ரீப்பர் இவ்வளவு ட்ராக்கைத் தாங்குகிறது. சில பழைய ப்ளக்இன்கள் மட்டும் இதோடு ஒத்துப்போகாமல் கரகரக்கும். அதற்காகப் ப்ரிஃபரன்சஸில் போய் மொத்தமாக அணைத்தால் கம்ப்யூட்டர் திணறும். இங்கேயும் இடம் ட்ராக்தான்: அதன் பெர்ஃபாமன்ஸ் தேர்வுகளில் அந்த ஒன்றுக்கு மட்டும் அணைக்கலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. ப்ரிஃபரன்சஸ் என்று ஒரு பெட்டி இருந்தும், எல்லாத் தேர்வும் அதில் இல்லை. புதுப் பதிவு பழையதன் மேல் விழுந்தால் டேக்காக (அதே இடத்தின் இன்னொரு பதிவாக) அடுக்க வேண்டுமா, டேப் போலப் பழையதை வெட்டிவிட வேண்டுமா என்பது ஆப்ஷன்ஸ் மெனுவில் இருக்கிறது. ரிப்பிள் எடிட்டிங்கும் (ஒன்றை வெட்டினால் பின்னால் உள்ளவை தானாக நகர்வது) ஆட்டோ க்ராஸ்ஃபேடும் (ஒன்றின் மேல் ஒன்று விழும் ஐட்டங்களை மென்மையாக இணைப்பது) டூல்பாரில். எங்கே தேடுவது என்று பழகும் வரை சிரமம்தான். கூடவே வரும் வாத்திய ஒலிகளும் மிகக் குறைவு. சாம்பிள் நூலகத்துக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டும். ஏழாம் பதிப்பில் வந்த லேன் வசதியால் (ஒரே ட்ராக்குக்குள் பதிவுகளைத் தனித்தனி வரிசையாக வைப்பது) பல டேக்குகளிலிருந்து நல்ல வரிகளை இழுத்துத் தேர்ந்தெடுப்பது வெகு எளிதாகியிருக்கிறது. ஆனால் பழைய டேக் முறையும் அப்படியே இருப்பதால் புதியவர்களுக்கு எதைப் பழகுவது என்று திகைப்பு வரும். இன்று தொடங்குகிறவர் லேனையே பழகலாம் என்பது என் கருத்து.

விலை: தனிநபருக்கான தள்ளுபடி லைசென்ஸ் 60 டாலர், முழு வணிக லைசென்ஸ் 225 டாலர். ஏழாம் பதிப்பில் வாங்கினால் எட்டாம் பதிப்பு முடியும் வரை செல்லும். 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அந்த 60 நாளில் தீம், நிறம் என்று அலைய வேண்டாம். ஒரு முழுப் பாட்டை எடுத்து முடியுங்கள், கை எங்கே தட்டுகிறதோ அந்த ஒரு செட்டிங்கை மட்டும் தேடி மாற்றுங்கள். மாற்றியதெல்லாம் சேர்ந்த பிறகு, ஜெனரல் பக்கத்தில் இருக்கும் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்தினால் மொத்த அமைப்பும் ஒரே ஃபைலாக வரும். ஷார்ட்கட், மௌஸ் அமைப்பு, டெம்ப்ளேட் எல்லாவற்றையும் அதில் சேர்க்கலாம். ப்ளக்இன்கள் அதில் வராது. புதுக் கம்ப்யூட்டரில் அவற்றைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும். பெரிய அப்டேட் போடுவதற்கு முன்பும் இந்த ஃபைலை ஒருமுறை எடுத்துப் பென் டிரைவில் போட்டுவைக்கிறேன்.